மொம்பாசாவில் நான் இருக்கவில்லை

மொம்பாசாவில் நான் மூன்று மாதமும் சில நாட்களும் இருந்தேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. கனடாவில் நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அந்த ஊரின் பெயர் இல்லை. சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலத்திலும் இல்லை. ஒரே அறையில் படுத்தெழும்பியவர்களுக்கும், கோயிலில் கண்டு கதைத்தவர்களுக்கும் நான் கொழும்பில் விமானம் ஏறி டொரொண்டோவில் இறங்கியவன்.

அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர், டொரொண்டோவின் பார்க்டேல் பகுதியில் எங்கள் ஆட்களுக்கு அகதிக் கோரிக்கை எழுதிக்கொடுத்த ஓர் அண்ணை. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். ஜேம்சன் அவனியூவில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில், சமையலறை மேசையில் இருந்துகொண்டு, வந்திறங்கியவர்களின் கதையைக் கேட்டு எழுதுவார். தொண்ணூற்றிரண்டின் கடைசியில் நான் அவர் முன்னால் போய் இருந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். மொம்பாசா என்றதும் பேனையை வைத்துவிட்டார்.

“அதை மறந்துபோம் தம்பி. மூண்டு மாசம் ஒரு நாட்டில இருந்தனீர் எண்டால், ஏன் அங்கயே இருக்கேல்லை எண்டு கேப்பாங்கள். கொழும்பில ஏறினனீர், டொரொண்டோவில இறங்கினனீர். இடையில வானம் மட்டும்தான்.”

“இடையில எங்க பிளேன் மாறினதெண்டு கேட்டால்?”

“மாறேக்க நித்திரை.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மேசையிலிருந்து எழும்பிய எல்லோரும் ஏதோ ஓர் ஊரை அதில் விட்டுவிட்டுத்தான் எழும்பினோம். ஒருவர் மொஸ்கோவை விட்டார், இன்னொருவர் பாங்கொக்கை. யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. கடவுச்சீட்டைக் கிழித்துக் கழிவறையில் போடுவதைப் போல, வந்தவர்கள் செய்கிற ஒரு காரியம். நான் விட்டுவிட்டு வந்த ஊரில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான் என்பதுதான் சிக்கல்.

கென்யாவின் கடற்கரையில் இருக்கிற அந்த ஊரில் எங்களை ஒளித்து வைத்திருந்தது மக்கூப்பா சுற்றுவட்டத்துக்குப் பின்னாலிருந்த ஒரு மாடி வீட்டில். இரண்டு அறை, எட்டுப் பேர். ஏஜென்சிக்காரன் எங்களைக் கனடாவுக்கு ஏற்றுவதற்குக் கடவுச்சீட்டுகள் தேடிக்கொண்டிருந்தான். வந்த இரண்டாம் நாள் எங்கள் தலையில் தொப்பிகளை மாட்டி, ஆளுக்கொரு கறுப்புக்கண்ணாடி தந்து, போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்கும், பெருந்தெருவில் யானைத்தந்தம் மாதிரி வளைத்து நிறுத்தியிருக்கும் வளைவுக்கும் கூட்டிப்போனான். உல்லாசப் பயணிகள் என்று காட்டப் படம் எடுக்க வேண்டுமாம். கோட்டை மதிலைக் கண்டதும் எங்களில் இருவருக்கு முகம் செத்துப்போயிற்று. எங்கள் ஊரில் கோட்டை என்றால் ஆமி இருக்கிற இடம், அங்கிருந்து ஷெல் வரும். “சிரியுங்கோடா, செத்தவீட்டுக்கு வந்தமாதிரி நிக்கிறியள்” என்று ஏஜென்சிக்காரன் கத்தினான். உல்லாசப் பயணிகள் பார்க்கிற மொம்பாசாவை நான் பார்த்தது அந்த அரை மணித்தியாலம்தான்.

அதன் பிறகு வெளியே போகக் கூடாது என்று கட்டளை. மற்ற ஏழு பேரும் விடிந்தால் பொழுதுபடும் வரை முந்நூற்றிநாலு விளையாடினார்கள். எனக்குச் சீட்டாட்டம் பிடிக்காது. தோற்றால் கோபம் வரும், வென்றால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். கலியாணம் முடித்து ஒரு வருடத்தில் மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். சும்மா படுத்திருந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு பிற்பகல், சமையல்காரி திறந்துவிட்டுப் போன கதவால் இறங்கி நடந்தேன்.

தெரு முடக்கு வரை போவேன், திரும்புவேன். அடுத்த நாள் இன்னும் ஒரு முடக்கு. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பின்னால் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் கேட்டது. ஒருவன் சாரம் கட்டி, தையல்வேலை செய்த தொப்பி போட்டு, ஒரு கையில் கூர்மூக்குப் பித்தளைக் கூசாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூசாவின் அடியிலேயே கரியடுப்பு ஒன்று கனன்றது. மற்றக் கையில் பிடியில்லாத சின்னக் கோப்பைகள். கோப்பி விற்கிறவன். அங்கே கோப்பிக்காரர்கள் கூவுவதில்லை. கோப்பைகளைத் தட்டுவதுதான் கூவல். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து நின்றான்.

“நாலு நாளாய்ப் பார்க்கிறேன். நடக்கிறாய், ஆனால் எங்கேயும் போகிறாய் இல்லை” என்றான்.

நாங்கள் பேசியது பாதி ஆங்கிலம், பாதி சுவாஹிலி, மீதி கை. அதை நான் தமிழில்தான் எழுத முடியும். என்னிடம் காசில்லை என்று கையை விரித்தேன். அவன் ஒரு கோப்பை ஊற்றித் தந்துவிட்டு, கழுவுகிற தண்ணீர் வாளியைக் காட்டினான். தூக்கினேன். அன்றிலிருந்து நான் அவனுடைய வாளிக்காரன்.

ஒரு நகரத்தைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தெரியாது. கோப்பிக்காரன் கடைத்தெருவில் நிற்க மாட்டான். பிற்பகல் தொழுகை முடியப் பள்ளிவாசல் படிகள், பிறகு பழைய நகரத்தின் ஒடுங்கிய சந்துகள், பிறகு துறைமுகக் கூலிகள் இருந்த வரிசை வீடுகள், பிறகு மஜெங்கோ. மஜெங்கோவில் மண்சுவரும் கிடுகுக்கூரையும். பெண்கள் வாசலில் அடுப்பு வைத்து மரவள்ளிக்கிழங்கு பொரித்து, நடுவில் பிளந்து, தேசிக்காய்ப் புளியும் மிளகாய்த்தூளும் பூசித் தருவார்கள். கோப்பிக்காரன் ஊற்றுவான், குடித்து முடித்த கோப்பைகளை நான் வாங்கிக் கழுவுவேன். கசப்புக் கோப்பி, இஞ்சி போட்டது, பால் இல்லை, சீனி இல்லை. அதோடு கடிக்கக் கச்சான் அல்வா. குடிக்கிறவர்கள் அவசரப்பட மாட்டார்கள். கோப்பை திரும்பி வரும் வரை நாங்கள் நிற்க வேண்டும். நிற்கிற இடத்தில் அந்தத் தெருவின் சண்டை, கலியாணப் பேச்சு, யாருக்கு வயிற்றுப்போக்கு என்பது வரை காதில் விழும்.

காலையில் அவனுக்கு வேலை இல்லை. அப்போது வெறுங்கையோடு நடப்போம். கொங்கோவேயா சந்தைக்குப் பாலத்தால் நடந்து போய், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நடந்து, நடந்தே திரும்பினோம். தெற்கே லிக்கோனிப் படகுத்துறையில் வாகனத்துக்குத்தான் கட்டணம், நடந்து ஏறுகிறவர்களுக்கு இல்லை. அதனால் காரணமில்லாமல் அக்கரைக்குப் போய் இக்கரைக்கு வருவோம். துறையடியில் யானைக்கால் போலப் பருத்த பெருக்க மரங்கள் நின்றன. மன்னாரில் ஒன்றிரண்டைச் சனம் வேடிக்கை பார்க்கப் போகும்; இங்கே அவற்றின் கீழே தலைமயிர் வெட்டினார்கள். மூவெம்பே தயாரிச் சந்தையில் வேரும் பட்டையும் விற்கிற கிழவர் ஒருவர் என் நாக்கைப் பார்த்துவிட்டு, எனக்குக் கவலை என்று சொன்னார். மருந்து தரவில்லை.

கோப்பிக்காரன் மொம்பாசாக்காரன் இல்லை. சோமாலியாவின் தென்கரையில் ஒரு சிறு துறைமுக ஊர் அவனுடையது. அங்கே சண்டை மூண்டதும், தாயையும் தங்கையையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவன். அவர்களுடைய பேச்சு சோமாலியை விட சுவாஹிலிக்குக் கிட்ட. அதனால் சோமாலியாவில் அவர்களைச் சோமாலியர் என்று முழுதாக ஏற்கவில்லை, கென்யாவில் அகதி என்றார்கள். கழிமுகத்துக்கு அப்பால் கூடாரங்கள் போட்ட முகாமில்தான் அவனுடைய பதிவு. வெளியே வேலை செய்ய அனுமதி இல்லை. கூசாவும் கோப்பைகளும் பழைய நகரத்து முதலாளி ஒருவருடையவை.

என்னை இரண்டு தடவை முகாமுக்குக் கூட்டிப்போனான். பங்கீட்டு வரிசையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றதை நான் பார்த்தேன். அட்டையைக் காட்டி, “இதுதான் இப்போது என் நாடு” என்று சிரித்தான். கூடாரத்துக்குள் அவனுடைய தாய் சோளமாக் களி கிண்டி, எனக்குத்தான் முதலில் போட்டாள். அவர்களுக்கு அளந்து கொடுத்த மாவில் நான் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறேன்.

ஒரு நாள் பிற்பகல் கோப்பி விற்கப் போன லிக்கோனித் துறையில் பொலிஸ்காரன் ஒருவன் என்னைத் தடுத்து அடையாள அட்டை கேட்டான். முன்னால் போய்க்கொண்டிருந்த கோப்பிக்காரன் நினைத்திருந்தால் அப்படியே போயிருக்கலாம். முகாமை விட்டு வெளியே வேலை செய்து பிடிபட்டால் அவனையும் லொறியில் ஏற்றுவார்கள். திரும்பி வந்தான். “இவனை எனக்குத் தெரியும். என்னுடைய ஆள். காது கேளாது, பேச்சும் வராது” என்று சொல்லி, பொலிஸ்காரனுக்கு ஒரு கோப்பை ஊற்றினான். பொலிஸ்காரன் நம்பவில்லை, என்றாலும் குடித்துவிட்டு விட்டுவிட்டான். நான் ஊமையாகவே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். துறை மறைந்த பிறகு அவன் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

ஒரு மத்தியானம் ஏஜென்சிக்காரன் வந்து, ஒரு மணித்தியாலத்தில் வெளிக்கிட வேண்டும் என்றான். யாருக்கும் சொல்லக்கூடாது. கோப்பிக்காரனுக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்; அவன் நிற்கிற பள்ளிவாசல் படி பத்து நிமிட நடை.

டொரொண்டோவில் எனக்கு விசாரணை வந்தது. இடையில் எந்த நாட்டிலாவது தங்கினீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கேஸ் அக்செப்ட் ஆயிற்று. எங்கள் கட்டடத்தில் அது பெரிய கொண்டாட்டம். கேஸ் எழுதின அண்ணைக்கு நான் ஒரு சேட்டுத்துணி வாங்கிக் கொடுத்தேன். இனி இங்கே நிரந்தரமாக இருக்கவிடும் லாண்டட் பேப்பர் வரவேண்டும், அது வந்தால் மனைவியை ஸ்பொன்சர் செய்யலாம். கிங் தெருவில் ஒரு டோனட் கடையில் வேலை எடுத்தேன். கோப்பி ஊற்றுகிற வேலை.

தொண்ணூற்றிநாலு வசந்தத்தில், காலைக் கூட்டம் குறைந்த நேரத்தில், அவன் அந்தக் கடைக்குள் வந்தான். தடித்த ஜக்கெட், தொப்பி மட்டும் அதே தையல்வேலைத் தொப்பி. என்னைப் பார்த்தான். நான்தான் முதலில் கத்தினேன். மனேஜர் எட்டிப் பார்த்தார். நான் பெரிய கடதாசிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது கோப்பை கழுவுகிற தண்ணீர் அல்லவா?” என்றான். அன்று நான் அடைந்த சந்தோசம் பொய் இல்லை. அதையாவது நம்புங்கள்.

அவன் தாய் முகாமில் இறந்துவிட்டாள். தங்கை ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். இவன் எப்படியோ வந்து டிக்சன் ரோட்டுப் பக்கம் சோமாலியர்களோடு ஓர் அறையில் இருந்தான். ஞாயிறுகளில் வருவான். ஜேம்சனால் இறங்கி ஏரிக்கரைக்கு நடப்போம், கரையோரமாக நடப்போம். இந்த ஊரில் ஏன் ஒருவரும் வாசலில் இருக்கிறார்கள் இல்லை என்று கேட்பான். வீட்டு விலாசம், டெலிபோன் இலக்கம் எல்லாம் கொடுத்தேன்.

ஜூலை மாதம், ஏரிக்கரை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு அவன் கேட்டான். அதிகாரிகள் அவனைச் சோமாலியன் என்று நம்பவில்லையாம். சோமாலி சரியாகப் பேச வரவில்லை, சுவாஹிலி நன்றாக வருகிறது, ஆகவே நீ கென்யாக்காரன் என்கிறார்களாம். பங்கீட்டு அட்டை வழியில் தொலைந்துபோயிற்று. முகாமில் அவனை அகதியாகக் கண்ட ஒருவர் வந்து சொன்னால் போதும் என்று அவனுடைய லோயர், ஒரு வெள்ளைக்காரப் பெண், சொன்னாளாம்.

“நீ என் அட்டையைப் பார்த்தாய். என் தாயைப் பார்த்தாய். வந்து சொல்வாயா?”

“ஓம்” என்றேன். வாய் தமிழில்தான் சொன்னது. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அன்றைக்கே கேஸ் எழுதின அண்ணையிடம் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்டிருக்கலாம். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. எங்களுக்குச் சட்டம் அந்தச் சமையலறை மேசையில்தான் இருந்தது.

“உமக்கென்ன விசரா?” என்றார். “சத்தியம் பண்ணி இல்லையெண்டு சொன்னனீர். இப்ப போய் மொம்பாசாவில இருந்தனான் எண்டு கையெழுத்து வைக்கப்போறீரோ? உம்மட கேஸைத் திரும்பத் திறப்பாங்கள். மனிசி அங்க ஷெல்லடிக்குள்ள இருக்கிறா, நீர் ஆரோ ஒரு காப்பிலிக்குச் சாட்சி சொல்லப்போறீர்.”

ஆபிரிக்கரை இழித்துச் சொல்கிற அந்தச் சொல்லை நான் மறுக்கவில்லை. என் களிக்கோப்பையை முதலில் நிரப்பினவளின் மகனை அவர் அப்படிச் சொன்னபோது நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை அவனுடைய லோயர் எனக்கு டெலிபோன் எடுத்தாள். என் லீவு நாள், கூட இருந்தவர்கள் ஹோலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கதைத்தேன். மொம்பாசாவில் இந்த மனிதரைச் சந்தித்தீர்களா என்று கேட்டாள்.

“நான் மொம்பாசாவில் இருக்கவில்லை” என்றேன்.

“உங்களுடைய சொந்தக் கோப்பைப் பற்றிப் பயமிருந்தால், அதையும் நாங்கள் கதைக்கலாம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், இன்றைக்கு எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது பொறி என்று பட்டது.

“அந்த ஆளை எனக்குத் தெரியாது. வேறு யாரையோ நினைக்கிறார் போல. எங்கள் ஆட்கள் எல்லோரும் பார்வைக்கு ஒரே மாதிரித்தானே” என்றேன்.

டோனட் கடையில் வெள்ளைக்காரர் யாராவது இப்படிச் சொன்னால் நான் மூன்று நாள் பொருமிக்கொண்டு திரிவேன். அதையே எடுத்து என் முகத்துக்கு நானே பூசிக்கொண்டேன்.

அவன் இனி வரமாட்டான் என்று நினைத்தேன். வரக்கூடாது என்று விரும்பினேன். பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தான். மனேஜர் இருக்கிறார், கத்தினால் என்ன செய்வது என்றுதான் யோசித்தேன்.

“மன்னிக்க வேண்டும். உன்னை முழுதாகக் கேட்காமல் உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். உனக்கும் பேப்பர் வரவில்லை, மனைவி இருக்கிறாள், அதை நான் யோசிக்கவில்லை. லோயரிடம் போய், நான்தான் ஆளை மாறி நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இனி உனக்குக் கரைச்சல் வராது” என்றான்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சொக்லட் டோனட்டை எடுத்துக் கடதாசியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வருடம் எனக்கு லாண்டட் பேப்பர் வந்தது. அந்த நாட்களில்தான் மக்கூப்பா வீட்டில் என்னோடு இருந்தவர்களில் ஒருவர் மொன்றியலில் இருந்து கதைத்தார். நாங்கள் ஒரே விமானத்தில் வந்தவர்கள். உம்முடைய கேஸில் மொம்பாசாவுக்கு என்ன எழுதினீர் என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் எழுதிப்போட்டன். எட்டுப் பேர் இருந்தது, சீட்டு விளையாடினது, எல்லாம். என்ர லோயர்தான் எழுதச் சொன்னவர். ஒண்டும் கேக்கேல்லை. விசாரணையில ஒரு மனிசி மட்டும் அங்க வெக்கையோ எண்டு கேட்டவ” என்று சிரித்தார்.

ரிசீவரை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தேன். கேஸ் எழுதின அண்ணையின் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரந்தான். அவர் என் வாயைப் பிடித்துத் திறந்து பேச வைக்கவில்லையே. அப்போதாவது கோப்பிக்காரனின் லோயரிடம் போயிருக்கலாம்; அவனுடைய விசாரணைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று விட்டேன். பயம் போன பிறகு வெட்கம் வந்து அதே இடத்தில் இருந்துகொண்டது. போய்ச் சொன்னால், முதலில் பொய் சொன்னவன் நான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முன்னால் முகம் சிறுத்துப்போகும் என்ற காரணம்.

தொண்ணூற்றாறு தையில், யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரோடும் இடம்பெயர்ந்து, எப்படியோ கொழும்புக்கு வந்துசேர்ந்திருந்த என் மனைவி டொரொண்டோவுக்கு வந்தாள். ஜேம்சனிலேயே ஒரு சின்ன அப்பார்ட்மென்ட் எடுத்திருந்தேன். அவள் வந்து மூன்றாம் கிழமை, ஒரு சனிக்கிழமை காலை, கடையில் புது விலாசத்தைக் கேட்டுக்கொண்டு வந்து கோப்பிக்காரன் கதவைத் தட்டினான். முந்தின பின்னேரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்ததாம். லோயரின் கந்தோர் திங்கள்தான் திறக்கும். ஆங்கிலம் பேசுவான், வாசிக்கத் தெரியாது. அவன் இருந்த இடத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

“உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு இங்கே இல்லை” என்று கடிதத்தை நீட்டினான்.

மனைவி தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவள் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். முதல் பக்கத்திலேயே முடிவு இருந்தது: மறுக்கப்பட்டது. அதைச் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். காரணங்களை வாசி என்றான். ஒவ்வொரு பந்தியாக வாசித்து, எளிய ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். மொழியைப் பற்றி ஒரு பந்தி. அட்டை இல்லாததைப் பற்றி ஒரு பந்தி. அதற்கடுத்த பந்தியை என் கண் முதலில் வாசித்துவிட்டது.

இவர் முகாமில் தன்னைக் கண்ட ஒருவர் இந்த நகரத்தில் இருப்பதாக முதலில் எழுத்தில் கொடுத்தார். பின்னர், ஆளை மாறி நினைத்துவிட்டதாகச் சொல்லி அதை விலக்கிக்கொண்டார். ஏன் மாற்றினார் என்று கேட்டபோது தந்த பதில் திருப்தியாக இல்லை. அதனால் இவருடைய மற்றச் சாட்சியங்களையும் நம்புவதற்கில்லை. அந்தக் கடிதத்தில் மிக நீண்ட பந்தி அதுதான்.

நான் அதை வாசிக்கவில்லை. விரலை அடுத்த பந்திக்கு நகர்த்தி, இரண்டு கிழமைக்குள் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம் என்பதைச் சொன்னேன்.

“என்னை ஏன் நம்பவில்லை? நான் எங்கே பிழை விட்டேன் என்று எழுதியிருக்கிறதா?” என்று கேட்டான்.

“எழுதவில்லை” என்றேன்.

பின்னாலிருந்து மனைவி தமிழில் சொன்னாள்: “இஞ்சருங்கோ, ஒரு பந்தியை விட்டிட்டியள்.”

“பேசாமல் இரும்.”

“இவர்தானே நீங்கள் மொம்பாசாவில இருந்து எழுதின கோப்பிக்காரன்?”

அங்கிருந்து நான் அவளுக்கு இரண்டு கடிதம் போட்டிருந்தேன். இரண்டும் சுற்றிவளைத்துப் போய்ச் சேர்ந்திருந்தன. உலகத்தில் நான் அந்த ஊரில் இருந்ததை அறிந்த ஒரே சொந்தம் அவள்தான். நான் கடிதத்தை அவனிடம் திருப்பி நீட்டினேன். எங்களுக்குள் ஏதோ வீட்டுக் கதை என்று நினைத்து அவன் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தான். தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னான். கடிதத்தை மடித்து ஜக்கெட்டின் உட்பையில் வைத்து, என் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனான்.

அந்த வசந்தத்தில் அவனைக் கென்யாவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று கடைக்கு வந்த சோமாலியர் ஒருவர் பிறகு சொன்னார். மொம்பாசாக்காரன் என்று தீர்மானித்துவிட்டபடியால் மொம்பாசாவுக்கே. ஆனால் அந்தச் சனிக்கிழமை அது இன்னும் நடக்கவில்லை. அன்றைக்கு அவன் எங்கள் கட்டடத்துக்குக் கீழே, கிங் தெரு ஸ்ட்ரீட்கார் நிறுத்தத்தில் நின்றான். மனைவி ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பனி பெய்து ஓய்ந்து நல்ல வெயில்.

“அந்தப் பந்தியில இருக்கிற ஆள் நீங்கள்தான்” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. “கீழதான் நிக்கிறார். ஓடிப்போய்ச் சொல்லுங்கோ. திங்கக்கிழமை லோயரிட்ட நானும் வாறன்.”

“ஓம், போறன்” என்றேன்.

ஜக்கெட்டை அவளே எடுத்துத் தந்தாள். நான் வாசலடியில் குந்தியிருந்து சப்பாத்தைப் போட்டேன். பனிச் சப்பாத்து, முழங்கால் அளவுக்கு நாடா. இடது காலைக் கட்டினேன். இறுக்கம் போதாது என்று கழற்றித் திரும்பக் கட்டினேன். வலது காலைத் தொடங்கினேன். “கெதியாப் போங்கோ, இன்னும் நிக்கிறார்” என்றாள். ஓம் ஓம் என்றேன். நாடா ஓட்டைகளில் ஒன்றைத் தவறவிட்டிருந்தேன். முழுவதையும் உருவி எடுத்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கோக்கத் தொடங்கினேன். அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். அதன் பிறகு கெதியாகப் போகச் சொல்லவில்லை. தெருவில் ஸ்ட்ரீட்கார் மணியடிப்பது கேட்டது. நான் தலை நிமிராமல் நாடாவைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

“போயிட்டார்” என்றாள். “இனிக் கழட்டுங்கோ.”